பீரோ தகடும் 12 சதவீத வரியும்

கேள்வி: பேட்டையில் பீரோ பட்டறை வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் இறக்குமதி எஃகுத் தகட்டுக்கு வரி போட்டார்களே, அது பொருள்குவிப்பு வரியா (ஆன்டி-டம்பிங்)? என் போன்றவன் யாரிடம் முறையிடுவது?

பதில்: அண்ணாச்சி, அது வேறு வரி. 200 நாளுக்குத் தற்காலிகமாகப் போட்ட 12 சதவீதப் பாதுகாப்பு வரி. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்ளூர் ஆலைகள் திணறினால் போடுவது.

பொருள்குவிப்பு என்றால் வெறும் மலிவு விலை இல்லை. பத்தமடைக்காரர் ஒருவர் உள்ளூரில் 500 ரூபாய்க்கு விற்கும் பாயை வெளிநாட்டுக்கு 350க்கு அனுப்பினால், அது குவிப்பு. அதனால் அங்குள்ள பாய்க்காரர் நொடித்தார் என்றும் காட்டினால்தான் வரி வரும்.

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் பில் எழுதியே எனக்குத் தலை நரைத்தது. அங்கே எல்லாரும் சுங்கத்தைத்தான் திட்டுவார்கள். பாவம், அவர்கள் வசூலிக்கிறவர்கள். விசாரிப்பது டெல்லியில் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். அது பரிந்துரைக்கும், நிதி அமைச்சகம் விதிக்கும். குவிப்பு வரி வழக்கமாக 5 ஆண்டு.

குவிப்பு வரி கேட்டு மனுப் போட, உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் வைத்திருப்போரின் ஆதரவு வேண்டும். ஆக, பெரிய ஆலைகளின் ஆட்டம் இது. நீங்கள் தகடு வாங்குகிறவர். வரி உங்கள் கையைத்தான் கடிக்கும். ஆனால் விசாரணை அறிவிப்பு வந்ததும், பயன்படுத்துவோர் என்ற முறையில் உங்கள் பாதிப்பை எழுதி அனுப்பலாம். தனியாக வேண்டாம், சங்கத்தின் பெயரில், வாங்கிய பில்களோடு அனுப்புங்கள்.