கம்ப்யூட்டரில் உருவாகும் தடுப்பூசி

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தரும் எச்.பி.வி. வைரஸுக்கு கம்ப்யூட்டரிலேயே புதுத் தடுப்பூசி வடிவமைக்கிறார்களாமே, மகளுக்கு 12 வயது, அது வரும்வரை காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: காத்திருக்கவே வேண்டாம், இப்போதுள்ள ஊசியைப் போட்டுவிடுங்கள். 2006 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த வகை ஊசி, வைரஸின் மேலுறைப் புரதமான எல்1-ஐ வைத்துச் செய்தது. தொற்று வராமல் தடுக்கும், ஆனால் வந்துவிட்ட தொற்றைப் போக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நீங்கள் சொல்லும் புதுத் தடுப்பூசியில், செல்லைப் புற்றாக மாற்றும் வைரஸின் இ6, இ7 புரதங்களைக் குறிவைக்கிறார்கள். அவற்றை ஒன்பது அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு) அளவுக்குத் துண்டு போட்டு, எந்தத் துண்டு நம் செல்லின் எச்.எல்.ஏ. மூலக்கூறில் (புரதத் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் தாங்கி இது) கச்சிதமாக உட்காரும் என்று மென்பொருள் கணிக்கிறது. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறுவதால் பலருக்கும் பொருந்துகிற துண்டுகளாகத் தேடிக் கோர்க்க வேண்டும், பெரும்பாடு அதுதான். அப்புறம் எலியிலும் மனிதரிலும் சோதித்தாக வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.