இத்தாலியச் சொகுசு ஜிடி கார்களின் வரலாறு என்ன? அவையும் ஸ்போர்ட்ஸ் கார்கள்தானே?

கேள்வியின் பின்பாதியைப் படித்ததும் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இளைஞராக இருக்க வேண்டும். ஏலக் காணொளி ஒன்றில் சிவப்புக் கார் மேடையில் சுழன்றதையும், அதன் தோல் இருக்கையையும், கடைசியில் திரையில் தோன்றிய விலையையும் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறியாளனும் அல்லன், கார் உரிமையாளனும் அல்லன். என்னிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள். யாழ்ப்பாணத்தில் மாமாவின் குஷன் கடையில் தொழில் பழகி, பின்னர் இத்தாலிக்கு வந்து, மொடேனாவுக்கு அருகே பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் பதினொரு ஆண்டுகள் இருக்கை தைத்தேன். ‘தைப்பவனுக்கு வரலாறு எப்படித் தெரியும்?’ என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு காரின் இருக்கையைக் கழற்றிப் பார்த்தவனுக்கு, அதைச் செய்தவர் யாரை உட்காரவைக்க நினைத்தார் என்பது தெரிந்துவிடும்.

ஜிடி என்பது ‘கிரான் டூரிஸ்மோ’ என்பதன் சுருக்கம்; அதன் பொருள் பெரும்பயணம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கல்வியின் நிறைவாக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ஃபுளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று மாதக்கணக்கில் சுற்றிவந்தார்கள். அந்தப் பயணத்தின் பெயர்தான் பின்னாளில் காருக்கு வந்தது. பந்தயக் காரின் வேலை, புறப்பட்ட கோட்டுக்கே மற்றவர்களுக்கு முன்னால் திரும்பி வருவது. ஜிடி காரின் வேலை, இரண்டு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் வேறோர் ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விரைவாகத்தான், ஆனால் இறங்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்காதபடி. ஆகவே அவையும் ஸ்போர்ட்ஸ் கார்கள்தானே என்ற கேள்விக்கு, இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் அல்ல என்பதுதான் என் பதில்.

முதல் ஜிடி கார் எது என்று கேட்டால் சண்டை வரும். ஆல்ஃபா ரோமியோ அன்பர்கள் 1930ஆம் ஆண்டளவிலேயே 6சி 1750 காருக்கு ‘கிரான் டூரிஸ்மோ’ என்று பெயர் இருந்ததைச் சுட்டிக்காட்டுவார்கள், அது உண்மைதான். வேறு சிலர் 1947இல் பினின் ஃபரினா உடல் அமைத்த சிசிட்டாலியா 202ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1951இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாக நிறுத்தியபோது அவற்றில் ஒன்றாக நின்ற கார் அது. (அதன் இயந்திரம் எளிய ஃபியட் 1100 காருடையது. அதே 1100 என்ற பெயரின் பிந்தைய வடிவம்தான் பம்பாயில் தயாராகி, பிரீமியர் பத்மினியாக இந்தியத் தெருக்களில் ஓடியது.) இவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் பயணத்துக்கென்றே முழுமையாகச் சிந்தித்துச் செய்யப்பட்ட முதல் கார் எது என்றால், 1951இல் டூரினில் வெளிவந்த லான்சியா அவ்ரேலியா பி20 ஜிடி என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெயரைக் கவனியுங்கள். ரோமாபுரியிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே செல்லும் பண்டைய ரோமானிய நெடுஞ்சாலையின் பெயர் அவ்ரேலியா. அந்த நிறுவனம் அடுத்தடுத்து வெளியிட்ட ஆப்பியா, ஃபிளாமினியா ஆகியவையும் ரோமானியச் சாலைகளே. அவ்ரேலியாவின் மூடியைத் திறந்தால் இருப்பது, தொடர் உற்பத்திக் கார் ஒன்றில் உலகில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட வி6 இயந்திரம். ஆல்ஃபாவின் பந்தயக் கார்களால் புகழ்பெற்ற வித்தோரியோ யானோ மேற்பார்வையிட, பிரான்செஸ்கோ தே விர்ஜீலியோ கணக்கிட்டு உருவாக்கியது அது. ஆறு உருளைகளும் இரண்டு வரிசைகளாக 60 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்பதால் இயந்திரம் நீளத்தில் குறுகியது; எனவே முன்பக்கம் சிறுத்து, பயணிகளின் அறை பெருத்தது. கியர்பெட்டியையும் கிளட்சையும் இயந்திரத்தோடு வைக்காமல் பின்சக்கரங்களுக்கு அருகே கொண்டுபோனதால் எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்தது. முதலில் வந்த பி20 காரின் இயந்திரம் 1,991 சிசி, திறன் வெறும் 75 குதிரைச்சக்தி. இன்றைய எண்களோடு ஒப்பிட்டுச் சிரிக்க வேண்டாம்: அதே ஆண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில், 4.1 லிட்டர் ஃபெராரியில் வந்த வில்லொரேசிக்கு அடுத்த இடத்தை, இரண்டு லிட்டர் அவ்ரேலியாவில் வந்த ஜொவான்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மாலியோலியும் பிடித்தார்கள். மறு ஆண்டு சிசிலித் தீவின் தார்கா புளோரியோவில் முதல் மூன்று இடங்களும் அவ்ரேலியாவுக்கே. அவ்வளவு நீண்ட பந்தயத்தில் ஓட்டுநர் களைத்துப்போகாமல் இருப்பதும் வேகம்தான்.

எங்கள் பட்டறைக்கு ஒரு பி20 வந்தபோது நான் முதலில் வியந்தது வேறொன்றுக்காக. அதன் ஸ்டியரிங் எங்கள் ஊர்க் கார்களைப்போல வலப்பக்கம் இருந்தது. இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகவே ஓடுகின்றன. இருந்தும் லான்சியா நெடுங்காலம் ஸ்டியரிங்கை வலப்பக்கமே வைத்திருந்தது. மலைப்பாதையில் சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பட்டறையின் மூத்த தகட்டு வேலைக்காரர், சுத்தியலும் மணல் மூட்டையும் கொண்டு அலுமினியத்துக்கு உருக்கொடுக்கும் அந்தப் பழைய மொடேனாக் கைவினைஞர்களில் ஒருவர், காரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார். போலோன்யாவிலிருந்து ஃபுளோரன்சுக்குச் செல்லும் பழைய ஃபூத்தாக் கணவாய் வழியே போனோம். 903 மீட்டர் உயரம், வளைவுக்கு மேல் வளைவு, மில்லே மிலியா கார்கள் அன்று ஏறி இறங்கிய அதே பாதை.

அவருக்கு விளிம்பு தெரிந்தது. ஆனால் இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருந்த எனக்கோ எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றும் தோளை உரசிப்போவதுபோல் இருந்தது. முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமானால் எதிர்ச்சாலை என் கண்ணுக்குத்தான் தெரியும். ஆகவே யாழ்ப்பாணத்து மினிபஸ் நடத்துநரைப்போல நான் ‘ரைட்’ என்று கத்த, அதன் பொருள் தெரியாமலேயே அவர் புரிந்துகொண்டு கியர் மாற்றினார்; கியர்க்கம்பு தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டோடு இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். இறங்கியபோது எனக்கு முதுகு வலிக்கவில்லை, காது இரையவில்லை, வயிறு மட்டும் நன்றாகப் பசித்தது. பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்து, அப்படியானால் காரில் கோளாறு எதுவும் இல்லை என்றார்.

அவ்ரேலியாவுக்குப் பின் வந்தவற்றில் சிலவற்றையே சொல்கிறேன். போலோன்யாவில் 1914இல் தொடங்கிய மசெராட்டி, அந்த நகரின் நெப்டியூன் சிலை கையிலேந்தும் திரிசூலத்தைச் சின்னமாகக் கொண்ட நிறுவனம். பின்னர் மொடேனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1957ஆம் ஆண்டு அதற்கு இரண்டு முகங்கள். மார்ச் மாதம் ஜெனீவாக் கண்காட்சியில் 3500 ஜிடியைக் காட்டியது. ஆண்டு முடிவதற்குள் பணநெருக்கடியால் தன் பந்தய அணியைக் கலைத்தது. அதே ஆண்டு மே மாதம் குவிதிட்சோலோ ஊருக்கு அருகே ஃபெராரிப் பந்தயக் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து, ஓட்டுநரையும் துணையோட்டுநரையும் சாலையோரம் நின்ற குழந்தைகள் உள்ளிட்ட பார்வையாளர்களையும் பலிகொள்ள, மில்லே மிலியா பந்தயமும் முடிவுக்கு வந்தது. பந்தயம் போன பின் மசெராட்டியைக் காப்பாற்றியது அந்தப் பயணக் கார்தான். ஜூலியோ அல்ஃபியேரியின் ஆறு உருளை இயந்திரத்தோடு, திறந்த கூரை வடிவத்தையும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. அதன் மூடிய கூரை வடிவத்துக்கு உடல் செய்தவர்கள் மிலானின் டூரிங் நிறுவனத்தார். மெல்லிய எஃகுக் குழாய்களால் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தும் அவர்களுடைய முறைக்கு ‘சூப்பர்லெஜேரா’, அதாவது மிக இலேசானது, என்று பெயர். அதைத் தையற்காரன் முறை என்பேன். உடம்பை அளந்து சட்டை போடுவதுபோலத்தான்.

மாரனெல்லோவின் ஃபெராரியைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். மூன்று லிட்டர் வி12 கொண்ட 250 ஜிடி வரிசை அழகானது, 1962இல் வந்த லுஸ்ஸோ மிக அழகானது. ஆனால் என்சோ ஃபெராரிக்குச் சாலைக் கார் என்பது பந்தயச் செலவுக்கு வழி என்பது ஊரறிந்த செய்தி. டிராக்டர் செய்து பணம் சேர்த்த ஃபெருச்சோ லம்போர்கினி, சன்தாகத்தா போலோன்யேசேயில் 1963இல் கார் நிறுவனம் தொடங்கியபோது பந்தயம் வேண்டாம், நல்ல ஜிடி வேண்டும் என்றே தொடங்கினார். அவருடைய 350 ஜிடியில் பின்னால் நடுவே ஒற்றை இருக்கை வைத்தார்கள். அந்த மூன்றாம் பயணி யார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மிலானுக்கு அருகே பிரெஸ்ஸோவில் குளிர்பெட்டி செய்த ரென்சோ ரிவோல்டா, இத்தாலிய உடலுக்குள் அமெரிக்கக் கார்வெட்டின் வி8 இயந்திரத்தைப் பொருத்தி 1962இல் இசோ ரிவோல்டாவைத் தந்தார். அதை இத்தாலியக் கார் இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பழுதானால் எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடிய இயந்திரம் நெடும்பயணத்துக்கு எவ்வளவு பெரிய சொகுசு என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

1964 அக்டோபரில் மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ‘சூரிய நெடுஞ்சாலை’ முழுமையடைந்தது. இந்தக் கார்களுக்கென்றே போட்டதுபோன்ற சாலை அது. ஆனால் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. தகடு தட்டிச் செய்யும் முறைக்கு வேலை குறைந்து டூரிங் 1966இல் மூடியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதற்கே இத்தாலிய அரசு தடை விதித்தது. இசோ மறு ஆண்டு ஓய்ந்தது. லான்சியாவின் கதை அதற்கு முன்பே மாறிவிட்டது: பந்தயத்தில் பணத்தைக் கொட்டிய ஜான்னி லான்சியா 1950களின் நடுவில் குடும்ப நிறுவனத்தைக் கைவிட நேர்ந்தது, 1969இல் அது ஃபியட்டிடம் போனது.

இப்போது என் மனக்குறை. எங்கள் பட்டறைக்கு வந்த அந்த பி20இல் இருந்தது தோல் அன்று, சாம்பல் நிறக் கம்பளித் துணி. லான்சியாவின் சிறப்பே அந்தத் துணிதான். அன்றைய இத்தாலியச் செல்வந்தர் விரும்பி வாங்கியது அது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் மட்டுமே தேய்ந்திருந்தது; நான்கு விரற்கடை ஒட்டுப் போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் ஏற்கவில்லை. விற்கும்போது தோலாக இருந்தால்தான் விலை கிடைக்கும் என்றார். முதலாளியும் அவர் பக்கம் நின்றார். என் கையாலேயே அந்தத் துணியை உரித்தேன். நீ தைப்பவன், தைத்தால் போதும் என்று அன்று எனக்குச் சொல்லப்பட்டதை இங்கே எழுதுவது பொருத்தமில்லைதான். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

தோல் போட்ட பிறகு பெரியவரும் நானும் மறுபடி ஃபூத்தாவுக்குப் போனோம். அந்த இருக்கைகளுக்கு இக்காலத்தவைபோல இடுப்பைப் பிடிக்கும் பக்கத் திண்டு கிடையாது, காரில் பெல்ட்டும் கிடையாது. முன்பு வளைவுகளில் எங்களை இருத்தி வைத்தது கம்பளியின் சொரசொரப்புத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. புதுத்தோலில் இடவளைவுகளில் அவர்மேல் சரிந்தேன், வலவளைவுகளில் கதவில் மோதினேன். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். சில மாதங்களில் கார் விற்பனையானது; விளம்பரத்தில் உட்புறத்தைப் பற்றி ‘காலத்துக்குப் பொருந்திய சொகுசுத் தோல்’ என்று போட்டிருந்தார்கள்.

உரித்த துணியில் தேயாத பகுதியை நான் தூக்கி எறியவில்லை. இரண்டு முழ நீளம் இன்னும் அலமாரியில், பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பதிலைப் படிப்பவர்களில் யாரிடமாவது அவ்ரேலியா இருந்து, சாம்பல் நிறத்துக்கு நூலும் நெசவும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தால், கீழே எழுதுங்கள். ஒரு துண்டு வெட்டி அனுப்புகிறேன்.