குளத்தைப் பார்த்த வீடு: கண்ணாடிச் சுவரா, விறாந்தையா?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எழுபதுகளில் ஐயா கட்டியது. செங்கல் சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, குளத்துப் பக்கம் இரண்டே இரண்டு சின்ன யன்னல். மீள்குடியேறி வந்தபோது கூரையில் ஓடே இல்லை, தகரம் போட்டுச் சமாளித்தோம். இப்போது பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். குளத்துப் பக்கச் சுவரை முழுதாக எடுத்துக் கண்ணாடி போடவும் தரைக்கு மாபிள் பதிக்கவும் சொல்கிறார்கள். அப்பாச்சியின் முதிரைப் பெட்டகமும் ஐயாவின் சாய்மனைக் கதிரையும் வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் நின்றதால் தப்பின. நிலையோடு ஒரு பழைய இரட்டைக் கதவும் இருக்கிறது. 2008இல் போரில் இடம்பெயர்ந்து வெளிக்கிடும்போது கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்த பித்தளைச் சாமான்களும் உண்டு. புது வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது, விற்றுவிடுங்கள் என்கிறார் மேசன். எனக்கு மனம் வரவில்லை.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: விற்காதீர்கள், தங்கச்சி. அந்தச் சாமான்களை வைத்துத்தான் வீட்டையே திட்டமிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இனி இந்த வீட்டில் என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேலையில்லாத பழைய சாமான் ஒரு வருடத்தில் தூசி பிடித்து மறுபடியும் அதே அறைக்குள் போய்விடும்.

கண்ணாடிச் சுவர் வேண்டாம். குளம் உங்களுக்கு மேற்கே இருக்கிறது. சித்திரை வைகாசியில் பின்னேர வெயில் தண்ணீரில் பட்டு நேரே வீட்டுக்குள் அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இருக்க முடியாது, திரைச்சீலை போட்டு மூடுவீர்கள், பிறகு குளம் எங்கே தெரியப் போகிறது? அந்தப் பக்கம் எட்டடி அகலத்தில் ஒரு விறாந்தை இறக்குங்கள். கூரை தாழ்ந்து வரட்டும். அந்த நிழலுக்குள்ளே சுவரின் நடுவில் உங்கள் பழைய இரட்டைக் கதவை நிலையோடு நிறுத்தி, இரண்டு பக்கமும் நிலத்திலிருந்து எழும் கண்ணாடிக் கதவுகள் வையுங்கள். சறுக்கும் கதவு பாதிதான் திறக்கும், பிணைச்சல் கதவு முழுதாகத் திறக்கும். சோளகம் தண்ணீருக்கு மேலால் வரும் காற்று, அதை மறிப்பது பாவம். குளக்கரை என்பதால் நுளம்பு வலைச் சட்டத்தையும் சேர்த்தே செய்விக்க வேண்டும், பிறகு ஒட்டினால் அசிங்கமாக இருக்கும். செங்கல் சுவர் பாரம் தாங்குவது. திறப்புக்கு மேலே கொங்கிறீற் வளை போடாமல் ஒரு கல்லையும் அசைக்க விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னர் இரண்டு இடத்துக்குப் போய் வாருங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். கிராமக் குளங்கள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருபவை. விறாந்தை குளத்துக்கென்று விடப்பட்ட ஒதுக்கு நிலத்துக்குள் போகிறதா என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்திவாரம் வெட்டும்போது தெரியாத இரும்பு ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள். நம்முடைய மண்ணில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சிவப்புத் தரையை உடைக்கவே வேண்டாம். வெடிப்புகளை அதே நிறச் சீமெந்தால் நிரப்பி மினுக்கினால் போதும். புது விறாந்தைக்கு மினுக்கிய சாம்பல் சீமெந்து. இரண்டும் சேரும் கோட்டில் ஒரு மரச் சிலாகை பதியுங்கள், ஐயாவின் வீடு எங்கே முடிகிறது என்று அது சொல்லும். சுவர்கள் வெள்ளையாகவே இருக்கட்டும். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பெந்தோட்டைக்கு அருகே வாவிக்கரையில் லுணுகங்க தோட்டத்தை 1948 தொடங்கி ஏறத்தாழ ஐம்பது வருடம் மாற்றி மாற்றி அமைத்தார். வெறும் வெள்ளைச் சுவரும் பழைய மரமும் அங்கே எவ்வளவு இயல்பாகச் சேர்கின்றன என்று படங்களில் பாருங்கள். ஆனால் சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்காமல் வெள்ளை அடிக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் சீமெந்து பூசி எண்ணெய் மையும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும், உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.

பெட்டகத்தைக் கூடத்து யன்னலுக்குக் கீழே வைத்துப் பாய், தலையணை, போர்வை போடுங்கள். பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து நிற்கும்போது அதைத் திறந்துதான் படுக்கை எடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு காலுக்கும் கருங்கல் துண்டு வையுங்கள், கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வார்னிஷ் அடிக்காமல் ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் முதிரையின் நிறம் தானாக எழும்பும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. அந்த எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும், துணியைத் தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள். நிலையையும் கதவையும் தச்சர் சீவுவதற்கு முன்னர் பலமான காந்தத்தால் முழுக்கத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். போர் நடந்த வன்னிப் பகுதியின் மரச் சாமான்களுக்குள் செல் (எறிகணை) துண்டு இருக்கும், சீவுளி போவது மட்டுமில்லை, தெறித்தால் கண்ணும் போய்விடும். செல் துண்டு பட்ட துளைகளை மறைக்கவா என்று தச்சர் கேட்பார். நான் என்றால் மறைக்க மாட்டேன்.

பித்தளையைப் புளியும் உப்பும் போட்டு விளக்குங்கள். பச்சைக் களிம்பு முழுதாகப் போன பிறகு, சமைக்கிற பாத்திரங்களின் உள்ளே நல்ல வெள்ளீயம் பூசுவிக்க வேண்டும். மூக்கு வைத்த குடிக்கும் பேணிகளான மூக்குப்பேணிகளைக் குசினியில் கைக்கெட்டும் திறந்த தட்டில் அடுக்குங்கள்.

கேள்வி: தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போடலாமா? பின்பக்கம் கொஞ்சம் அஸ்பெஸ்ரஸ் சீற்றும் இருக்கிறது.
– அதே வாசகி

பதில்: போடலாம், போட வேண்டும். ஓட்டின் பாரம் தகரத்தைவிடப் பல மடங்கு, ஆகவே கைமரங்களையும் சுவர் வளையையும் முதலில் சோதிப்பியுங்கள். சீற்றை உடைக்காமல், தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். வெட்டினால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சிறுவர்கள் அன்று வீட்டில் நிற்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் பெட்டகத்தைக் கப்பலில் கனடாவுக்கு எடுப்பிக்கலாமா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின் கீழ் வரும் பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு எடுக்க முடியாது. உங்கள் பெட்டகம் அதற்குள் வருமா என்பதைத் திணைக்களமே சொல்ல வேண்டும். படமும் அளவும் கொடுத்து, பெட்டி அடிப்பதற்கு முன்னரே கேளுங்கள், தம்பி. அம்மா இன்னும் அதைத் திறந்து மூடுகிறாவா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.