மொம்பாசாவும் மாராவும்: எட்டு இரவுப் பயணத்துக்கு வழிகாட்டியை எப்படித் தேர்வது?

கேள்வி: ஆகஸ்ட் மாதம் கணவர், 13 வயது மகன், 68 வயது மாமியார் ஆகியோருடன் எட்டு இரவுகள் கென்யா செல்கிறோம். மொம்பாசாவில் அரை நாள், பிறகு அம்போசெலி, நகுரு ஏரி, மசாய் மாரா என்று பயண முகவர் திட்டம் தந்திருக்கிறார். கூடாரங்களின் படங்கள் அழகாக இருக்கின்றன. வழிகாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்திட்டத்தை ஏற்கலாமா?

பதில்: அந்த ஒரு வரி இல்லாததுதான் இத்திட்டத்தின் பெரிய குறை. சஃபாரியில் ஒரு நாளில் ஆறேழு மணி நேரத்தை நீங்கள் வண்டியில், ஒரே மனிதரின் கண்ணையும் அறிவையும் நம்பிக் கழிக்கப்போகிறீர்கள். கூடாரத்தில் பெரும்பாலும் உறங்கத்தான் போகிறீர்கள். எனவே முதலில் இடங்களைக் குறையுங்கள். மூன்று காடுகளுக்கும் ஓடினால் விலங்குகளைவிட நெடுஞ்சாலையையே அதிகம் பார்ப்பீர்கள். மொம்பாசாவில் இரண்டு இரவுகள், நைரோபியில் ஒன்று, மாராவில் நான்கு, திரும்பும் முன் நைரோபியில் மீண்டும் ஒன்று என்று வகுத்துக்கொள்வது உங்கள் மாமியாருக்கும் இதமாக இருக்கும்.

மொம்பாசாவின் பழைய நகரை வண்டியில் சுற்றுவதில் பொருளில்லை; வெயில் ஏறுமுன் நடந்துதான் பார்க்க வேண்டும். போர்ச்சுகீசியர் 1593இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டையிலிருந்து நடையைத் தொடங்கும்படி உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். 1696 முதல் 1698 வரை ஓமானியர் அதை முற்றுகையிட்டுப் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் அதைச் சிறைச்சாலையாக்கினர். 1962 முதல் அது அருங்காட்சியகம். முற்றுகையில் சிக்கியவர்களை மீட்கக் கோவாவிலிருந்து அனுப்பப்பட்டு, 1697இல் கோட்டையருகே மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த பொருள்களும், போர்ச்சுகீசியப் படையினர் சுவரில் கிறுக்கிய ஓவியங்களும் உள்ளே இருக்கின்றன. அந்தக் கிறுக்கல்களின் முன் நின்று, அதில் இருப்பது எந்த வகைக் கப்பல் என்று உங்கள் மகனையே கேட்கிற வழிகாட்டி நல்ல வழிகாட்டி. ஆண்டுகளை மட்டும் ஒப்பிப்பவருக்குப் பதில் அங்குள்ள தகவல் பலகைகளே போதும். கோட்டையை விட்டு வெளியே வந்ததும், குஜராத்திச் சாயல் கொண்ட செதுக்குக் கதவுகள் உள்ள தெருக்களில் நடந்து, மஹாம்ரி என்னும் பொரித்த ரொட்டியையும் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையையும் காலை உணவாக உண்ணுங்கள். நம் நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

அங்கிருந்து நைரோபிக்குக் காலை ரயிலில் செல்வது நல்லது. 2017இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில் சாவோ வனப்பகுதியைக் கடக்கும்போது சன்னலிலிருந்தே யானைகளைக் காண வாய்ப்புண்டு. 1896இல் ஆங்கிலேயர் தொடங்கிய பழைய தடத்துக்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய 2,500 பேர் உயிரிழந்தனர். 1898இல் சாவோவில் பாலம் கட்டியபோது அவர்களில் சிலரை இரண்டு சிங்கங்கள் கொன்றன. நைரோபி நகரமே 1899இல் அந்த ரயில்வேயின் முகாமாகத் தோன்றியதுதான். ஆகவே அங்குள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இனி மாரா. சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அரசுக் காப்பகத்தினுள் தங்குவதா, அதை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவாக்கிய கன்சர்வன்சி எனப்படும் வனவிலங்குக் காப்பிடங்களில் தங்குவதா என்பதே நீங்கள் எடுக்க வேண்டிய முக்கிய முடிவு. காப்பகத்தினுள் நடைப்பயணத்துக்கும் இரவுச் சவாரிக்கும் அனுமதியில்லை. நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில் இரண்டும் உண்டு, வண்டிகளும் குறைவு. நான் கன்சர்வன்சியையே பரிந்துரைப்பேன். ஆனால் நடைப்பயணத்துக்கான குறைந்தபட்ச வயது முகாமுக்கு முகாம் மாறும் என்பதால், மகனுக்காக முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வில்டபீஸ்ட் என்னும் மான் இனக் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைக் காண ஒரு நாள் காப்பகத்தினுள் சென்று வரலாம். அதற்கு எவராலும் உறுதி தர முடியாது. கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தும் கூட்டம் திரும்பிப் போய்விடுவதுண்டு. கூட்டம் இறங்கும் வழியை மறிக்காமல், எஞ்சினை அணைத்துவிட்டு எட்ட நிற்கிற ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் தம் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உள்ளன. வழிகாட்டி கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் தேர்வில் வெண்கலம், வெள்ளி, தங்கம் ஆகியவற்றுள் எந்தத் தகுதி பெற்றவர்? நான்கு நாளும் அவரே வருவாரா? வண்டி உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள். மாமியார் களைத்தால் முகாமுக்குத் திரும்பவும், மகன் சாணி உருட்டும் வண்டை அரைமணி நேரம் பார்க்கவும் தனி வண்டி இருந்தால்தான் முடியும். காப்பகக் கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். 2024இல் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர் என உயர்த்தினார்கள். சைவ உணவு பற்றிய கவலை வேண்டாம். குஜராத்தி விருந்தினர்களால் முகாம்களுக்கு அது பழகிய விஷயம். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் மாரா செல்வதானால் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில்.

கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். ஊசி போட்ட பத்து நாள் கழித்தே அது செல்லுபடியாகும். சான்றிதழ் இல்லையேல் தனிமைப்படுத்தப்படலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியைப் போடுவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆகவே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் மாமியாரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இந்த ஊசி பற்றியும் மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டுவிடுங்கள்.