மேல் வீட்டுத் தண்ணீர் ஜன்னல் குழியில் நிரம்பினால்

கேள்வி: ஏற்காட்டில் சரிவில் எங்கள் வீடு. சாலை மட்டத்துக்குக் கீழே இரண்டு அறைகள் உள்ளன. வெளிச்சத்துக்காக ஜன்னலுக்கு வெளியே மண்ணைத் தோண்டிக் குழி கட்டியிருக்கிறோம். மேல் வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்பு முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டு, குழாயை எங்கள் பக்கம் விட்டுவிட்டார். மழை பெய்தால் குழி நிரம்பி அறைக்குள் தண்ணீர். கேட்கப் போன என் மனைவியை அவமானப்படுத்தினார். வழக்குப் போடலாமா?
- சேலம் வாசகர்

பதில்: அவர் பேசிய பேச்சு வலித்திருக்கும். வழக்குக்கு அது உதவாது, விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீர் தானாக வழிந்து வருகிறதா, அவர் சேர்த்துத் திருப்பிவிடுகிறாரா? இது ஒன்றுதான் கேள்வி.

1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (Easements Act), பிரிவு 7, மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடிவருவதைப் பள்ளத்துக்காரர் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்கிறது. மலைச்சரிவில் இடம் வாங்கியவருக்கு இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆனால் பரவலாக ஓடிய நீரை ஒரே குழாயில் அடக்கி உங்கள் சுவரோரம் கொட்டுவது இயல்பான ஓட்டம் ஆகாது. உங்கள் வழக்கு அந்தக் குழாயில் இருக்கிறது. இருபது வருடம் தடையின்றி விட்டிருந்தால் அதுவே அவருக்கு உரிமையாகியிருக்கும். இரண்டே வருடம் என்பதால் அந்தப் பயம் இல்லை.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. ஆத்திரத்தில் குழாயை நீங்களே அடைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இரவோடு இரவாக மணல் மூட்டை போட்டு அடைத்தார். தண்ணீர் பின்வாங்கி மேல் வீட்டுத் தடுப்புச் சுவர் அடியில் மண் அரித்தது. மேல் வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டு முதலில் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். நியாயம் இருந்த மனிதர் பிரதிவாதியாக நின்றார். குழாய்த் தண்ணீர் எது, சரிவுத் தண்ணீர் எது என்று அதற்குப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. வழக்குப் போட்டால், இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வருவார். அவர் மேல் வீட்டுக் குழாயை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். உங்கள் குழியையும் எட்டிப் பார்ப்பார். அடியில் வடிகால் இல்லாமல் மண்ணும் இலையும் அடைத்துக் கிடந்தால் அதையும் அறிக்கையில் எழுதுவார். அப்புறம், அந்தக் கீழ்த்தளமும் குழியும் அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கின்றனவா? மலைப்பகுதியில் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமை. வரைபடத்தில் இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

அதனால் சமாதானமாகப் போங்கள் என்றே சொல்வேன். அவர் குழாயைச் சாலையோரச் சாக்கடைக்குத் திருப்பட்டும். நீங்கள் குழியின் அடியை ஜன்னல் விளிம்புக்கு நன்றாகக் கீழே இறக்கி, ஜல்லி நிரப்பி, துளையிட்ட பிவிசி குழாய் பதித்து, சரிவின் கீழ்ப்பக்கம் வெளியேற்றுங்கள். அதையும் கீழ் வீட்டுக்காரர் தலையில் கொட்டாதீர்கள். நாளைக்கு அவர் உங்கள் மேல் இதே வழக்கைப் போடுவார். குழாய் அவர் நிலத்தில் போகவேண்டுமென்றால் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் போதாது, பத்திரப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் விற்றதும் புது ஆள் கையை விரிப்பார். சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அந்தத் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

மேல் வீட்டுக்காரர் மசியாவிட்டால் அடுத்த மழையன்று அலைபேசியில் வீடியோ எடுங்கள். குழாய் வாயும் நிரம்பும் குழியும் ஒரே காட்சியில் தெரியவேண்டும். எடுத்த பிறகு ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் வக்கீலைப் பாருங்கள்.