வெளிநாட்டில் பிள்ளை, போன் இல்லை: தேடும் தாய்மார்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நான்கு இங்கே. எழுதியவர்களின் பெயரையும், ஏஜென்டுகளின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

என் மகனுக்கு 24 வயது. ஓட்டல் வேலை என்று சொல்லி, ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு ஏஜென்ட் ஒருவர் மலேசியா அனுப்பினார். விசா எடுக்கவில்லை, டிக்கெட் மட்டும்தான். ஐந்து மாதம் பேசினான், இரண்டு முறை பணமும் அனுப்பினான். இப்போது மூன்று மாதமாக போன் சுவிட்ச் ஆஃப். ஏஜென்டைக் கேட்டால், "வேற கம்பெனிக்கு மாத்திட்டாங்க, அடுத்த வாரம் பேசுவான்" என்கிறார். நான் எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, குடியாத்தம்

ஏஜென்டுக்காக இனி ஒரு நாளும் காத்திருக்காதீர்கள் அம்மா. விசா இல்லாமல் போனவர் மலேசியாவில் 30 நாள்தான் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. எட்டு மாதமாகிவிட்டதால் உங்கள் மகன் இப்போது அனுமதி இல்லாமல் தங்கியிருப்பவர். குடிநுழைவுத் துறை (இமிகிரேஷன்) சோதனையில் பிடிபட்டுத் தடுப்பு முகாமில் இருக்கலாம். முதலாளி பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கி வைத்திருக்கலாம். பிடிபடுவோம் என்று பயந்து இடம் மாறியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கப் பயன்படுவது ஒன்றுதான்: பாஸ்போர்ட் எண். மலேசியாவில் இறங்கும்போது வெளிநாட்டவரின் இரண்டு ஆள்காட்டி விரல் ரேகையையும் எடுப்பார்கள். ஆகவே எண் கிடைத்தால், பேச முடியாத நிலையில் படுத்திருப்பவரைக்கூட இன்னார் என்று உறுதி செய்ய வழி உண்டு.

வீட்டில் நகல் இல்லையா? டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸில் இருக்கும். ஏஜென்டுக்கு மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அவனுடைய பழைய போனில் இருக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள், போலீஸார் அதை வைத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டு வாங்க முடியும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு பெயரில்தான். ரேஷன் கார்டில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, சில சமயம் முன்பின்னாக மாறி இருக்கும். 'ழ' வரும் பெயருக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்து. மனு எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டால், அங்கே கணினியில் தேடுபவருக்கு "அப்படி யாரும் இல்லை" என்றே வரும். எல்லா மனுவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும்.

பணம் அனுப்பினான் என்றீர்களே, அது பெரிய தடயம். வங்கி ரசீதில் அல்லது குறுஞ்செய்தியில் அனுப்பிய நிறுவனத்தின் பெயரும் குறிப்பு எண்ணும் இருக்கும். அதை வைத்து எந்த ஊர்க் கிளையில் கட்டினான் என்று விசாரிக்கலாம். அவன் போன் வாங்கிய அட்டைப்பெட்டி வீட்டில் இருந்தால், அதிலுள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், உங்கள் போனையும் மாற்றாதீர்கள். மகனுடைய ஜிமெயிலுக்குள் போக ஆளாளுக்கு பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அதைப் போலீஸிடம் விட்டுவிடுங்கள்.

இவை கையில் வந்ததும் மூன்று இடத்தில் ஒரே வாரத்தில் பதிவு செய்யுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம். முதலாவது, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம். இருப்பிடம் தெரியவில்லை என்ற வகையில் பதிவு செய்தால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கே நேராகப் போகும், புகார் எண் கிடைக்கும். இணையம் தெரியாதென்றால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் பேசலாம். இரண்டாவது, சென்னை சேப்பாக்கம் எழிலகத்திலுள்ள அயலகத் தமிழர் நலத்துறை, இலவச எண் 1800 309 3793. காட்பாடியில் ரயில் ஏறி நேரில் போவதானால் புகைப்படம் நான்கும், எல்லாத் தாளிலும் மூன்று நகலும் கொண்டு போங்கள். திங்கட்கிழமை வேலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தாலும் மனு அந்தத் துறைக்குத்தான் போகும். தாமதமாகும், ஆனால் ரசீது உங்கள் கையில் இருக்கும். மூன்றாவது போலீஸ், அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

தூதரகம் தடுப்பு முகாம், சிறை, ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு எழுதிக் கேட்கும். வீடு வீடாகத் தேட அதற்கு அதிகாரம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகப் புகார் போட்டுக்கொண்டே இருந்தால் ஒருவருடைய கோப்பு பலவாகி, பதில் எதிலும் வராது.

இன்னொன்றும் செய்யலாம். மலேசியத் தமிழ் நாளிதழ்களான 'மக்கள் ஓசை', 'மலேசிய நண்பன்' இரண்டுக்கும் படத்தோடு செய்தி அனுப்புங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளில் உள்ள நம்மவர் கடைகளில் இத்தகைய படங்களைப் பார்த்து அடையாளம் சொல்ல ஆள் இருப்பார்கள். படத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் உங்கள் வீட்டு முகவரியையும் போடாதீர்கள். தொடர்புக்கு ஒரு எண் போதும், அதுவும் குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவருடையதாக இருக்கட்டும்.

கிடைத்த பிறகும் வேலை உண்டு. பாஸ்போர்ட் இல்லாதவருக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் (ஊர் திரும்ப மட்டும் உதவும் பயணத் தாள்) தரும். அதற்கு முன் அவர் இந்தியர்தானா என்று உள்ளூர் ஸ்டேஷன் மூலம் விசாரணை வரும். வீட்டுக்கு வரும் காவலரிடம் காட்ட பிறப்புச் சான்று, பள்ளி டிசி, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே உறையில் இருந்தால் அன்றே முடியும். அங்கே அனுமதிக்காலம் தாண்டித் தங்கியதற்கு அபராதம் கட்டித்தான் வெளியேற முடியும். டிக்கெட்டுக்கும் வழியில்லையென்றால், இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவ தூதரகத்தால் முடியும், எழுதிக் கேளுங்கள்.

ஒரு செய்தியை மனதில் வைத்திருங்கள். வயது வந்தவர் என்பதால், அவன் சம்மதிக்காமல் முகவரியைத் தரமாட்டார்கள். "நலமாக இருக்கிறார்" என்று மட்டும் பதில் வரலாம். அப்படி வந்தால், உங்கள் கடிதத்தையோ குரல் பதிவையோ அவனிடம் சேர்ப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம். கடன் வாங்கிப் போன பிள்ளைகள் வெட்கத்தில் பேசாமல் இருப்பது உண்டு. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம்.

ஏஜென்டிடம் பணம் கொடுத்து மலேசியா போன மகனைக் காணவில்லை என்று மனு கொடுத்தேன். ஸ்டேஷனில், "வெளிநாட்டில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, பேரணாம்பட்டு

மனுவில் "மலேசியாவில் என் மகனைக் காணவில்லை" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். குற்றம் இங்கேயும் நடந்திருக்கிறது. எந்தத் தேதியில், எந்த ஊரில், யார் முன்னிலையில், எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், என்ன வேலை என்று சொன்னார், பதிவு பெற்ற ஏஜென்டா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டு குடிப்பெயர்வுச் சட்டப்படி குற்றம். பணம் வாங்கி ஏமாற்றியது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வரும். காணாமல் போனதை அடுத்த பத்தியில் சேர்க்கலாம்.

சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சான்று) இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு அனுப்புங்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

எஃப்ஐஆருக்கு இன்னொரு முக்கியப் பயன் உண்டு. காணாமல் போனவருக்காக சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல் வெளியிடும் மஞ்சள் அறிவிப்பைக் குடும்பத்தார் நேராகக் கேட்க முடியாது. நம் போலீஸ் எழுதி, டெல்லியில் சிபிஐ வழியாகத்தான் அது போகும். வழக்கு எண் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி" என்று போன மகன் மியான்மரில் அடைபட்டிருப்பதாக இரவில் ஒரு நிமிடம் பேசினான். இப்போது வேறொருவர் போன் செய்து மூன்று லட்சம் கேட்கிறார்.
– வாசகி, ஆம்பூர்

பணம் அனுப்பாதீர்கள். கொடுத்தவுடன் விடுவதற்குப் பதில் வேறு கும்பலுக்கு விற்பதும், மறுபடி கேட்பதும் அங்கே நடக்கிறது. அந்த எண்ணை, பேசிய நேரத்தை, கேட்ட தொகையை எழுதி வையுங்கள்.

மகன் பேசிய எண்ணுக்கு நீங்கள் திருப்பி அழைக்க வேண்டாம். அது வேறொருவர் போனாக இருந்தால் அவனுக்கு அடி விழும். அவனே பேசும்போது கேட்க வேண்டியவை: கட்டிடத்தின் பெயர் அல்லது எண், ஜன்னலில் தெரிவது என்ன, ஆறு தாண்டி வந்தானா, உடன் எத்தனை இந்தியர்கள். தாய்லாந்தின் மே சோட் நகருக்கு எதிர்க்கரையில், மோய் ஆற்றை ஒட்டிய மியாவாடி பகுதியில்தான், ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைக்கும் இந்த முகாம்கள் பல இருக்கின்றன. 2025 மார்ச்சில் அங்கிருந்து மீண்ட 549 இந்தியர்களை மே சோட் வழியாக விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. ஆகவே புகாரை யாங்கூன், பாங்காக் ஆகிய இரண்டு தூதரகங்களுக்கும் அனுப்புங்கள். கட்டாயப்படுத்தி மோசடி வேலை செய்ய வைத்தார்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் திரும்பியதும் அவன்மேலேயே சந்தேகம் விழும்.

என் கணவர் லீவில் வந்து, ஆறு வயது மகளை என்னிடம் சொல்லாமல் அமெரிக்கா கூட்டிப் போய்விட்டார். பிறந்ததிலிருந்து அவள் இங்கேதான் வளர்ந்தாள். இரண்டு மாதமாக முகத்தைக் காட்டவில்லை.
– வாசகி, இராணிப்பேட்டை

உங்களுக்கு நாள் கணக்கு முக்கியம். குழந்தை கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால் அந்த வழி கிடையாது. ஆனால் அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், குழந்தை ஆறு மாதமாவது தொடர்ந்து வாழ்ந்த இடத்தின் நீதிமன்றத்துக்கே முதல் உரிமை தரும் சட்டம் இருக்கிறது. அந்த இடம் வெளிநாடாக இருந்தாலும் பொருந்தும். குழந்தை போய் ஆறு மாதம் ஆவதற்குள் இங்கே குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிடுங்கள். பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு ஆகியவைதான் அவள் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. பள்ளியில் இப்போதே சான்று வாங்குங்கள். உத்தரவு கிடைத்தபின் அங்கே ஒரு வழக்கறிஞர் மூலம் அந்த மாநில நீதிமன்றத்தில் பதிவு செய்து அமலாக்கக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது பற்றியும் உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மகள் எப்படி இருக்கிறாள் என்பதை அறிய வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணவரின் முகவரி தெரிந்தால், அந்த ஊர் போலீஸுக்கு இங்கிருந்தே போன் செய்து குழந்தையின் நலனைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: மகளின் பாஸ்போர்ட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் புதுப்பிக்கக் கூடாது என்று. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். வழக்கு எண் வந்ததும் அதையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.