பால் நிற மயக்க ஊசி: அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மலத்தில் ரத்தம் போனதால் அடுத்த வாரம் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்யப்போகிறார்கள். நரம்பு வழியாகப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுப்பார்களாம். மைக்கேல் ஜாக்சன் அந்த மருந்தால்தான் இறந்தார் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். இந்த மருந்திலும் முட்டை இருக்கிறதாமே? மயக்கமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். 2009 ஜூன் 25 அன்று அவர் இறந்ததற்கு முக்கியக் காரணம் புரோபோஃபால். ஆனால் அவருக்கு அதை எங்கே கொடுத்தார்கள் என்று பாருங்கள். வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வருவதற்காகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் ஓர் இதய மருத்துவர். மூச்சைக் கண்காணிக்கச் சரியான கருவி கிடையாது, பக்கத்தில் இருக்க வேண்டியவர் அறையை விட்டும் போயிருந்தார். 2011-இல் நீதிமன்றம் அந்த மருத்துவரைக் குற்றவாளி என்றது. அதே மருந்தை நாங்கள் தினமும் ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கிறோம். நோயாளிகள் எழுந்து, பேசி, வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அம்மாவின் தலைமாட்டில் யார் நிற்கப்போகிறார் என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஊசி ஏறி முப்பது நாற்பது விநாடிகளில் கண் செருகும். அந்த நேரத்தில் இரண்டு விஷயம் நடக்கலாம். ஒன்று, மூச்சு மெதுவாகும், சில சமயம் கொஞ்ச நேரம் நின்றே போகும். தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைப்பதும் உண்டு. மருந்து ஏறும்போதே என் இடது கை நோயாளியின் தாடையில் இருக்கும். இரண்டு விரலால் தாடையை மேலே தூக்கிப் பிடித்தால் நாக்கு விலகும், ஆக்சிஜன் மாஸ்க்கின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மூச்சு தெரியும். பெரும்பாலும் அவ்வளவு போதும். போதாவிட்டால் பையை அழுத்தி நாங்களே மூச்சு கொடுப்போம்.

பதற்றத்துக்கும் வலிக்கும் கூடவே கொடுக்கிற மிடசோலாம், ஃபென்டனில் போன்ற மருந்துகள் அதிகமாகிவிட்டால் அவற்றை முறிக்க ஊசிகள் இருக்கின்றன. புரோபோஃபாலுக்கு முறிப்பு மருந்தே கிடையாது. ஐந்து பத்து நிமிடத்தில் அது மூளையை விட்டு உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவிவிடும், அதுவரை நோயாளியின் மூச்சை நாம் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் குழாய் விட்டுப் பார்க்கிற டாக்டரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வது கூடாது என்பேன். ‘மயக்கவியல் மருத்துவர் தனியாக இருப்பாரா? ஆக்சிஜன் அளவும் பிரஷரும் காட்டும் மானிட்டர் உண்டா?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம், ரத்த அழுத்தம் இறங்குவது. கொலோனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிறு போனதில் உடம்பில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நிலையில் புரோபோஃபால் ரத்தக் குழாய்களைத் தளர்த்தினால் பிரஷர் சட்டென்று இறங்கும். டெல்மிசார்ட்டன் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கலாம். அன்று காலை எந்த பிரஷர் மாத்திரை வேண்டும், எது வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வயதானவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்து, மெதுவாக ஏற்றுவோம், ட்ரிப்ஸும் ஓடும்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருந்தால் அதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி இருந்தாலும் மறைக்க வேண்டாம், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

சரி, முட்டைக்கு வருகிறேன். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கக் காரணம், அதைச் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்துக் கலக்கியிருப்பதுதான். முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக் கருவில் உள்ள புரதங்களால் வருவது. அதனால் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பொதுவாகப் புரோபோஃபால் கொடுக்கலாம் என்பதே இன்றைய கருத்து. அம்மாவுக்குத் தடிப்போடு நின்றதா, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல் வரை போனதா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். கடுமையாக வந்திருந்தால் மாற்று மருந்தை யோசிப்போம்.

மாற்று என்றால், கீட்டமின் பிரஷரைக் கீழே விடாது, ஏற்றிவிடும். மூச்சையும் அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் விழிக்கும்போது பயங்கரக் கனவுகள் வரலாம், சிலர் கத்துவார்கள். இட்டோமிடேட் இதயம் பலவீனமானவர்களுக்கு நல்லது, ஆனால் அட்ரினல் சுரப்பியைக் கொஞ்ச நேரம் அடக்கும். ஆளைப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பின்விளைவுகளில் நோயாளிகள் அதிகம் சொல்வது, மருந்து ஏறும்போது கையில் சுரீரென்று எரிந்தது என்பதுதான். அது சாதாரணம், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தைக் கொடுத்தால் குறையும்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வெறும் வயிற்றில் இல்லாத நோயாளி. ஒரு பாட்டியிடம் ‘ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?’ என்று மூன்று முறை கேட்டேன். இல்லை என்றார். கடைசியில் பேத்திதான், ‘காலையில ஒரு வாய் காபி மட்டும்’ என்றாள். பால் சேர்த்த காபி எங்களுக்குச் சாப்பாடு மாதிரி, ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்று தள்ளிப்போட்டோம், மதியம் செய்தோம். தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். தவறிச் சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

இரவில் பலமாகக் குறட்டை விடுவாரா, பல் ஆடுகிறதா, பல்செட் உண்டா என்பதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நேரமானது என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு, அதனால்தான் மூச்சு திரும்பத் தாமதமாகும். தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கொலோனோஸ்கோபிக்கு அந்த மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் அவசரம் வந்தால் கை அதற்குத்தான் போகும்.

மயக்கமே இல்லாமலும் கொலோனோஸ்கோபி செய்யலாம், பலர் தாங்கிக்கொள்கிறார்கள். அது அம்மாவின் விருப்பம். ஆனால் பயத்தில் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், மலத்தில் ரத்தம் எதனால் என்பது சீக்கிரம் தெரிய வேண்டும்.

முடிந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அம்மா தெளிவாகப் பேசுவார், ஆனால் நீங்கள் சொன்னது அப்புறம் நினைவில் இருக்காது. டாக்டர் சொல்வதை நீங்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். மறுநாள் வரை வண்டி ஓட்டுவதும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் கூடாது. அன்று இரவு பாத்ரூமுக்கு எழுந்தால் கூடவே போங்கள்.